தமிழ் நூல்களுக்குத் தனியாக மெய்ப்பும் செம்மையாக்கமும் செய்பவர்கள் கூலியை எப்படிப் பேசி முடிக்கிறீர்கள்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் 9 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்தேன். அம்மாவைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் வேலையை விட்டு மதுரைக்கு வந்து, கடந்த 14 மாதங்களாக வீட்டில் இருந்தபடியே நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), செம்மையாக்குவது (நடையையும் சீராக்குவது), சிறு நிறுவனங்களுக்கு மலரும் கையேடும் எழுதிக் கொடுப்பது என்று செய்துவருகிறேன். வேலைக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு 1 மணிக்கு முன்னால் கணினியை மூடியதே இல்லை. ஆனால் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், பதிப்பகத்தில் வாங்கிய சம்பளத்தில் பாதிகூடத் தேறவில்லை. எங்கே தவறுகிறேன் என்று தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன்.

ஒரு வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். மற்றவையும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்தன. பணி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி, ஏ4 அளவில் 312 பக்கம் வரும் கோப்பாக அனுப்பினார். தொலைபேசியில் பேசியபோது, "எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள் அம்மா, அது போதும்" என்றார். பக்கத்துக்கு 20 ரூபாய் என்று ஒப்புக்கொண்டேன். மொத்தம் 6,240 ரூபாய். அதில் 2,000 ரூபாயை அன்றைக்கே முன்பணமாக அனுப்பிவிட்டார்.

கோப்பைத் திறந்த பிறகுதான் நிலைமை தெரிந்தது. பாதி நூல் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, பிறகு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றப்பட்டிருந்ததால், பல இடங்களில் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நின்றன. ஒரே நிகழ்ச்சி இரண்டு அத்தியாயங்களில் இரண்டு வேறு ஆண்டுகளோடு வந்தது. அரைப் பக்கம் ஓடியும் முற்றுப்புள்ளியைக் காணாத வாக்கியங்கள் நிறைய இருந்தன. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே ஒற்றுப் பிழையை மட்டும் திருத்தி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினேன். அவருக்கு மிகவும் பிடித்துப்போய், விட்டுப்போனவை என்று புதிதாக 2 அத்தியாயங்களை எழுதி அனுப்பினார். அவற்றையும் பார்த்தேன். பிறகு அவருடைய மகன் படித்துவிட்டுச் சில பகுதிகளை மாற்றச் சொன்னார். அதையும் செய்தேன். நான் குறித்து வைத்த கணக்கின்படி மொத்தம் 130 மணி நேரம் ஆகியிருக்கிறது. மீதி 4,240 ரூபாய் 5 மாதங்களாக வரவில்லை. கேட்டால், "நூல் அச்சாகி வரட்டும் அம்மா, சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். அவர் ஏமாற்றுகிறவர் அல்லர் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அதனால்தான் அழுத்திக் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

கூலியைப் பக்கத்துக்குப் பேசுவதா, சொல்லுக்குப் பேசுவதா, மணிக்குப் பேசுவதா? வயதில் மூத்தவர்களிடம் 'இது நாம் பேசிய வேலை அல்ல' என்று மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மெய்ப்புமேசை:

சகோதரி, 26 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் 8 ஆண்டுகள் ஓர் அச்சகத்தில், அதன் பிறகு தனியாக. நீங்கள் எழுதியதைப் படித்தபோது என்னுடைய முதல் 3 ஆண்டுகளைப் படிப்பதுபோல் இருந்தது. உங்கள் விலை குறைவு என்பது உண்மைதான், ஆனால் முதல் தவறு விலையில் இல்லை. என்ன வேலை என்பதற்குப் பெயர் வைக்காமலேயே விலையைச் சொல்லிவிட்டீர்கள்.

'எழுத்துப் பிழை பார்ப்பது' என்று எழுத்தாளர் சொல்வதும் நாம் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. அவர் மனத்தில் இருப்பது, தம் நூல் குறையில்லாமல் வர வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை முழுவதையும் அந்த இரண்டு சொற்களுக்குள் அவர் அடக்கிவிடுகிறார். அதைப் பிரித்துக் காட்ட வேண்டியது நாம்தான். நான் புதிதாக வரும் எழுத்தாளருக்கு விளக்கம் எதையும் எழுதுவதில்லை. அவருடைய வாக்கியம் ஒன்றையே எடுத்து மூன்று விதமாகச் செய்து அனுப்புகிறேன். அண்மையில் ஒருவர் அனுமதி தந்ததால் அதையே இங்கே தருகிறேன். அவர் எழுதியிருந்தது இது: "என்னுடைய தந்தையார் அவர்கள் மதுரையில் உள்ள மில்லில் வேலைக்கு சேர்ந்தார் அவர் அங்கு வேலை செய்யும் போது தான் எங்கள் குடும்பத்தில் ஒரு நல்ல நிலைமையானது ஏற்படுத்தப்பட்டது."

மெய்ப்பு மட்டும் என்றால், 'வேலைக்குச் சேர்ந்தார்' என்று ஒற்றை இடுவேன். அதன் பின் முற்றுப்புள்ளி வைப்பேன். 'செய்யும்போதுதான்' என்று சேர்ப்பேன். அவ்வளவே. 'நிலைமையானது ஏற்படுத்தப்பட்டது' என்பது காதுக்கு எவ்வளவு உறுத்தினாலும் அதில் கைவைக்க மாட்டேன்.

செம்மையாக்கம் என்றால், அது இப்படி ஆகும்: "என் தந்தையார் மதுரையில் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகுதான் எங்கள் குடும்பத்தின் நிலைமை சீரானது." அவர் சொன்ன செய்தி முழுவதும் இருக்கிறது; சொன்ன விதம்தான் திருந்தியிருக்கிறது.

மறுஎழுத்து என்றால், நான் முதலில் எதையும் எழுதுவதில்லை. அவரைத் தொலைபேசியில் அழைத்து, 'நிலைமை சீரானது என்றால் வீட்டில் என்ன மாறியது?' என்று கேட்பேன். இவரிடம் கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சம்பளம் வந்த அன்றைக்கு மட்டும் அம்மா மளிகைக்கடைக்காரரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவார்" என்றார். நூலில் போக வேண்டியது அந்த வாக்கியம். நானே உட்கார்ந்து 10 நாள் யோசித்தாலும் அது எனக்கு வந்திருக்காது. வந்திருந்தாலும் அவர் வாழ்க்கையில் நான் ஒன்றைப் புனைந்து சேர்த்த குற்றம் ஆகியிருக்கும்.

இந்த மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அதற்கான கூலியை எழுதி அனுப்பினால், பெரும்பாலானவர்கள் தங்களுக்கு எது வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். 'எழுத்துப் பிழை போதும்' என்று சொல்லி வந்தவர்களில் பலர் இரண்டாவதைக் கேட்கிறார்கள். முதலாவதுதான் தம் வசதிக்கு ஏற்றது என்பவருக்கு அதைச் செய்து கொடுங்கள். மனம் கேட்கவில்லை என்று இரண்டாவதைச் செய்யாதீர்கள். சம்பளம் தந்த பதிப்பகத்தில் அந்தக் கூடுதல் உழைப்பை நிறுவனம் தாங்கியது. இப்போது அதை உங்கள் தூக்கம் தாங்குகிறது.

விலை சொல்லுமுன் முழுக் கோப்பையும் வாங்கிப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் மாதிரியாக வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் முதல் அத்தியாயத்தை எழுத்தாளர் பத்து முறை திருத்தியிருப்பார், நண்பர்கள் நாலு பேர் பார்த்திருப்பார்கள். நடுவில் 2 பக்கம், கடைசிப் பகுதியில் 2 பக்கம் எடுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருத்திப் பார்த்தால்தான் அந்த நூல் எவ்வளவு நேரம் கேட்கும் என்பது தெரியும்.

மணிக்கு எவ்வளவு என்பதை உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். அதை எழுத்தாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 200 மணி வருகிறது. ஆனால் தொலைபேசிப் பேச்சு, மாதிரி பார்ப்பது, பணம் கேட்டு எழுதுவது, மின்வெட்டு, மருத்துவமனை என்று எல்லாம் போக, கூலி கிடைக்கிற மணி என் அனுபவத்தில் 120-ஐத் தாண்டுவதில்லை. வீட்டுக்கு 30,000 ரூபாய் வேண்டும் என்றால் மணிக்கு 250 ரூபாய். நான் செம்மையாக்கத்தில் மணிக்கு 1,000 சொல் வரை பார்ப்பேன். மெய்ப்பில் 2,500 வரை போவேன். உங்கள் பொறியாளரின் 312 பக்கத்தில், பக்கத்துக்கு 300 சொல் என்று வைத்தால் 93,600 சொற்கள் இருந்திருக்கும். செம்மையாக்கத்துக்கு ஏறத்தாழ 94 மணி, அதாவது 23,500 ரூபாய். நீங்கள் 6,240-க்கு ஒப்புக்கொண்டு 130 மணி உழைத்திருக்கிறீர்கள். மணிக்கு 48 ரூபாய் விழுகிறது.

எழுத்தாளரிடம் சொல்லும் விலை சொல் கணக்கில் இருப்பது நல்லது. 'பக்கம்' என்பது ஏ4-இல் ஒன்று, டெமி என்னும் நூல் அளவில் இன்னொன்று. எழுத்துருவின் அளவைக் கூட்டினால் ஒன்று, குறைத்தால் ஒன்று. ஆனால் தமிழில் சொல்லை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மென்பொருள் இடைவெளியைத்தான் எண்ணுகிறது. 'செய்யும் போது தான்' என்று எழுத்தாளர் எழுதினால் 3 சொல். நாம் 'செய்யும்போதுதான்' என்று சேர்த்தால் ஒன்று. நன்றாக வேலை செய்யச் செய்ய நம் கூலி குறையும்! ஆகவே 'கோப்பு என் கைக்கு வந்த நாளில் உள்ள சொல் எண்ணிக்கைப்படி' என்று கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நடைத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலா கோவிலா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, குடும்பத்துக்கா குடும்பத்திற்கா, எண்களை இலக்கத்தில் எழுதுவதா எழுத்தில் எழுதுவதா என்று முதல் 20 பக்கத்துக்குள் முடிவு செய்து, எழுத்தாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இவற்றில் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் ஆதாரம் காட்ட முடியும் என்பதால்தான் வீண் வாதம் வருகிறது. 1992-இல் முதல் பதிப்பும் 2008-இல் விரிவாக்கிய பதிப்பும் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை நான் பொதுத் தீர்ப்பாக வைத்துக்கொள்கிறேன். பொறியாளரின் மகன் கேட்டது போன்ற பிற்பாட்டுத் திருத்தங்களில் கணிசமானவை நடைத்தாளோடு அடங்கிவிடும்.

பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் ஐப்பசி முதல் மார்கழி வரை வேலை குவிகிறது. 'காட்சி முடிந்ததும் தருகிறோம்' என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்புகிறது. பிறகு 'நூலக ஆணை வரட்டும்' என்பார்கள், அதாவது அரசு நூலகங்களுக்கு நூலை வாங்கும் ஆணை. நான் கார்த்திகையில் வாங்கும் அவசர வேலைக்குப் பாதிப் பணம் முன்னால் வராமல் கோப்பைத் திறப்பதில்லை. கோடையில் வேலை வற்றும் என்பதால், அப்போது அவசரமில்லாத பெரிய நூல்களை ஒரு மாதம் கூடுதல் கெடு வாங்கிக்கொண்டு பேசி வைத்திருப்பேன். ஆடியில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கான நூல்கள் வரத் தொடங்கும்வரை அவைதான் அடுப்பை எரிக்கின்றன.

நொய்யல்:

அக்கா, நான் கோவையில் நிறுவனங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்; நூல் வேலை குறைவு. மேலே ஐயா சொன்னவற்றில் சேர்ப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. பணம் வாங்குவதில் சட்டம் நமக்குத் தந்திருக்கும் பிடிமானத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் எழுத்து வேலை செய்பவர்களில் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

குறு, சிறு தொழில்களுக்கான அரசின் 'உத்யம்' பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் கட்டணம் இல்லாமல் நாமே செய்துகொள்ளலாம்; பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களை நம்ப வேண்டாம். எழுதுவதும் திருத்துவதும் சேவை என்பதால் நாமும் குறுந்தொழில்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, நாம் முடித்துத் தந்த வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். அந்த ஒப்பந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் ஒன்றும் இருக்கிறது: குறு, சிறு தொழில்களுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், பணம் தரும்வரை அந்தச் செலவைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. இந்த விதியை நான் என் கட்டணப் பட்டியலின் அடியில் ஒரு வாக்கியமாக அச்சிட்டு வைத்த பிறகு, மார்ச் மாதத்தில் கணக்குப் பிரிவினரே கூப்பிட்டுப் பணம் எவ்வளவு பாக்கி என்று கேட்கிறார்கள். வேலையைத் தொடங்குமுன்பே பதிவு கையில் இருக்கட்டும். தகராறு வந்த பிறகு பதிவு செய்வது உதவாமல் போகலாம்.

உங்கள் பொறியாளர் தனிமனிதர். தொழில் கணக்கு எழுதுகிறவர் அல்லர் என்பதால் இந்த வரி விதி அவரை அசைக்காது. அவர் போன்றவர்களுக்கு முன்பணமும் தவணையும்தான் வழி. நான் மூன்று தவணை வைத்திருக்கிறேன்: தொடக்கத்தில் பாதி, பாதி வேலை முடிந்து அனுப்பும்போது கால் பங்கு, இறுதிக் கோப்பை அனுப்புவதற்கு முன் மீதிக் கால் பங்கு. 'அனுப்பிய பிறகு' என்று எழுதாமல் 'அனுப்புவதற்கு முன்' என்று எழுதினால், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நிறுவனங்கள் பணம் தரும்போது 10 விழுக்காடு வரியைப் பிடித்துக்கொண்டு தருவார்கள். அது போய்விட்ட பணம் அல்ல. நம் பான் எண்ணின் கீழ் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்து, கணக்குத் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி போக மீதியைத் திரும்பப் பெறலாம். பிடித்த வரியைத் தளத்தில் ஏற்றாத ஒரு நிறுவனத்தோடு நான் 2 ஆண்டுகள் மன்றாடியிருக்கிறேன். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவிடுங்கள். சரக்கு-சேவை வரிப் பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை நமக்குக் கட்டாயம் இல்லை.

எழுதிக் கொடுக்கும் வேலைக்கு இன்னொன்று உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனியாக எழுதிக் கொடுப்பவர் எழுதிய கட்டுரையின் உரிமை, எழுத்தில் மாற்றித் தரும்வரை அவருடையதுதான். 'முழுப் பணமும் வந்த நாளில் உரிமை மாறும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். கையேட்டை அச்சிட்டு விநியோகித்துவிட்டுப் பணத்தை இழுத்தடிக்கும் நிறுவனத்துக்கு அந்த வரி நன்றாகப் புரியும்.

கடைசியாக, இப்போது பெருகிவரும் ஒரு வேலையைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். ஆங்கிலக் கோப்பை இயந்திரத்தில் கொடுத்துத் தமிழாக்கி, 'மெய்ப்பு மட்டும் பாருங்கள்' என்று அனுப்புகிறார்கள். கடன் திட்டம் ஒன்றின் துண்டறிக்கை எனக்கு வந்தது. ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போயின. நடுவில், 'குறைந்த ஆர்வத்தில் கடன் பெறலாம்' என்று இருந்தது. வட்டிக்கும் ஆர்வத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் வந்த வினை. மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடாமல் இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்க முடியாது என்பதால், அந்த வேலைக்கு நான் மொழிபெயர்ப்புக் கூலியைத்தான் வாங்குகிறேன், மூலத்தின் சொல் எண்ணிக்கைப்படி.

கரிசல்மண்:

நான் இந்தத் தொழிலில் இருப்பவள் அல்லள். பணம் கொடுத்து வேலை வாங்கியவள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, என் ஊர்ப் பெண்களின் கதைகளைத் தொகுத்து நானே வெளியிட்டேன். எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொன்னால் உதவும் என்று எண்ணுகிறேன், மகளே.

முதல் நூலுக்கு ஒருவரிடம் கொடுத்தேன். மிகக் குறைந்த கூலி, 10 நாளில் முடித்துக் கொடுத்தார். திறந்து பார்த்தால் என் கிழவிகள் எல்லாரும் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் பேசினார்கள். "அவுக நேத்தே வந்துட்டுப் போயிட்டாகளே" என்று நான் எழுதியிருந்தது "அவர்கள் நேற்றே வந்துவிட்டுச் சென்றுவிட்டார்களே" என்று ஆகியிருந்தது. எதை மாற்றினார் என்று பார்க்க, திருத்தங்களின் தடம் காட்டும் வசதியைக்கூட அவர் போட்டிருக்கவில்லை. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து, ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு உரையாடலையும் திரும்ப எழுதினேன். அவருக்குக் கொடுத்த கூலியைவிட என் கண்ணுக்குக் கொடுத்த கூலி அதிகம்.

இரண்டாம் நூலை வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் கேட்ட தொகை முதலாமவர் கேட்டதைப் போல நான்கு மடங்கு. கையில் அவ்வளவு இல்லை என்றேன். அவர் கூலியைக் குறைக்கவில்லை. நூலை இரண்டு பகுதியாகச் செய்து, இரண்டு ஓய்வூதிய மாதங்களில் தரலாம் என்றார். தொடங்குமுன் அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, பேச்சில் வருவதை எந்த ஊர் வழக்கில் நிறுத்த வேண்டும்?" என்பது. பக்க ஓரத்தில் 140-க்கு மேல் ஐயக் குறிப்புகள் எழுதியிருந்தார். 'இந்தச் சொல் எனக்குப் புதிது. பிழையா, உங்கள் ஊர்ச் சொல்லா?' என்று ஒரு குறிப்பு. அது என் பாட்டியின் சொல். அன்றைக்கே மூன்றாம் நூலும் இவருக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே, மூத்தவர்கள் மனம் நோகும் என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். எங்களுக்கு இது எத்தனை படிகள் உள்ள வேலை என்பது தெரியாது. தெரியாததால்தான் 'பிழை மட்டும் பாருங்கள்' என்கிறோம். தொடக்கத்திலேயே கணக்காகச் சொன்னால் மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வோம். ஐந்து மாதம் கழித்துக் கேட்டால்தான் சங்கடம், உங்களுக்கும் எங்களுக்கும். அந்தப் பெரியவரிடம் நூல் அச்சாக எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். எங்களில் பலர் அச்சகத்துக்குப் பணம் சேர்க்கவே ஓர் ஆண்டு காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் உங்கள் கூலியும் மாட்டிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்திருக்காது.

வைகைக்கரை:

ஐயா, அம்மா, தம்பி, மூவருக்கும் என் நன்றி. நேற்று இரவு இவற்றைப் படித்துவிட்டு என் பழைய வேலைகள் 11-ஐயும் எடுத்து, எந்தப் பெயரில் கூலி பேசினேன், எந்த வேலையைச் செய்தேன் என்று இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்தேன். 9 வேலைகளில் மெய்ப்புக்கான கூலியை வாங்கிக்கொண்டு செம்மையாக்கம் செய்திருக்கிறேன். பதிப்பகத்தில் இருந்தபோது என் பதவியின் பெயர் மெய்ப்புத் திருத்துநர் என்பதால், நான் செய்வதெல்லாம் மெய்ப்பு என்றே நினைத்துவிட்டேன் போலும்.

கரிசல்மண் அம்மா சொன்னபடி பொறியாளர் ஐயாவைக் காலையில் அழைத்தேன். பேசிய வேலைக்கும் நடந்த வேலைக்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய பக்கம் ஒன்றையே காட்டிச் சொன்னேன். கூடுதல் உழைப்புக்கு இப்போது நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்றும், பேசிய தொகையில் மீதியை மட்டும் அச்சுக்காகக் காத்திராமல் தந்துவிட வேண்டும் என்றும் கேட்டேன். அவர் சற்றுத் திகைத்து, "130 மணி நேரமா?" என்று இரண்டு முறை கேட்டார். மதியத்துக்குள் 4,240 ரூபாய் வந்துவிட்டது. அதோடு, புதிதாகச் சேர்த்த 2 அத்தியாயங்களுக்குத் தனியாகக் கணக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

இனி வேலை தொடங்குமுன் அனுப்புவதற்காக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்:

"வணக்கம். தங்கள் நூலின் கோப்பு இன்று கிடைத்தது. அதில் உள்ள சொற்கள் ____. இதற்கு நான் செய்ய ஒப்புக்கொள்வது செம்மையாக்கம். அதாவது எழுத்து, ஒற்று, நிறுத்தக்குறிப் பிழைகளையும் வாக்கிய அமைப்பையும் திருத்துவேன். ஆண்டு, பெயர், நிகழ்ச்சி ஆகியவற்றில் முரண் கண்டால் ஓரக் குறிப்பாகக் கேட்பேன். உரையாடல்களின் வட்டார வழக்கில் தங்களைக் கேட்காமல் கைவைக்க மாட்டேன். புதிய பகுதி எழுதுவதும், அத்தியாயங்களை மாற்றி அமைப்பதும் இதில் சேரா. எல்லாத் திருத்தங்களும் தடம் தெரியும்படி இருக்கும். கூலி ____ ரூபாய். பாதி தொடக்கத்தில், கால் பங்கு பாதி நூல் வந்ததும், மீதி இறுதிக் கோப்பை அனுப்புவதற்கு முன். தங்கள் விடைகளைச் சேர்த்த பிறகு ஒரு முறை முழுதும் பார்த்துத் தருவேன். கோப்பை ஒப்படைத்த பிறகு தாங்கள் சேர்க்கும் பகுதிக்கு இதே வீதத்தில் தனிக் கூலி."

மெய்ப்புமேசை:

கடிதம் நன்றாக இருக்கிறது, சகோதரி. இரண்டு இடங்களில் மட்டும் இன்னும் இறுக்க வேண்டும்.

ஓரக் குறிப்புகளுக்கு எழுத்தாளர் விடை தர எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் ஒரு நூல், விடைக்காக 7 மாதம் காத்திருந்தது. விடை வந்தபோது நூல் எனக்கே மறந்துபோய், முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. '15 நாளுக்குள் விடை வராவிட்டால், வந்தவரையில் வேலை முடிந்ததாகக் கொண்டு மீதித் தொகை செலுத்தப்பட வேண்டும்; பிறகு விடை வந்தால் என் அடுத்த ஓய்வுக் காலத்தில் பார்த்துத் தருவேன்' என்று சேருங்கள்.

அடுத்தது, பக்க வடிவமைப்புக்குப் பிறகு வரும் மெய்ப்பு. நீங்கள் வேர்டில் செம்மையாக்கிக் கொடுத்ததை வடிவமைப்பாளர் வேறு மென்பொருளில் ஏற்றும்போது வரி உடைவதும் எழுத்து உடைவதும் புதிதாக முளைக்கும். 'நீங்கள் பார்த்த நூலில் இவ்வளவு பிழையா?' என்று வசை உங்களுக்கு வரும். பிடிஎஃப் கோப்பில் இறுதி மெய்ப்பு பார்ப்பது இந்தக் கூலியில் அடங்குமா, அடங்காதா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அடங்காது என்றால் அதற்கான வீதத்தையும் அங்கேயே குறிப்பிடுங்கள். நான் மெய்ப்பு வீதத்தில் பாதி வாங்குகிறேன்.

'சேரா' என்ற இடத்தில் 'சேராது' என்று எழுதலாமா என்று யாராவது கேட்பார்கள். 'எழுதுவதும் அமைப்பதும்' என்று பன்மையில் வருவதால் 'சேரா' சரியே, அப்படியே இருக்கட்டும்.